பாட்டுக் கேட்கும் பழைய கருவி வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

போன வருடம் புறக்கோட்டையில், போன் திருத்தும் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் பாட்டுக் கேட்கும் குட்டி எம்பி3 கருவிகள் இரண்டு கிடந்தன. ஒன்று சான்டிஸ்க் கிளிப் பிளஸ், 4 ஜிபி, மூலையில் கீறல். மற்றது கிளிப் ஸ்போர்ட், 8 ஜிபி, புதுசு போல மின்னியது. “அண்ணை, 8 ஜிபியை எடுங்கோ, விலை ஒண்டுதான்” என்றான் கடைத் தம்பி. எடுத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தேன். கீறல் விழுந்ததைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்பது அன்றிரவுதான் விளங்கியது.

காரணம் ரொக்பொக்ஸ். கருவியைச் செய்த நிறுவனம் போட்டுத் தந்த மென்பொருளுக்குப் பதிலாக, வெளியாட்கள் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள் அது. 2001 இன் கடைசியில், ஆர்க்கொஸ் நிறுவனத்தின் பாட்டுக் கருவியோடு வந்த மென்பொருளில் திருப்தியில்லாத சுவீடன் நிரலாளர் சிலர் தொடங்கிய வேலை. 2025 இலும் அதன் 4.0 பதிப்பு வெளிவந்தது. கிளிப் பிளஸ்ஸில் அது ஓடும். கிளிப் ஸ்போர்ட்டின் உள்ளே இருக்கும் சிப் வேறு, அதில் ஓடாது. பெயரில் ‘கிளிப்’ இருந்தால் எல்லாம் ஒரு குடும்பம் என்று நினைத்தது என் முதல் பிழை.

ஓடினால் என்ன லாபம் என்று கேட்கலாம். கிளிப் பிளஸ் 2009 இல் வந்தது. ஓபஸ் என்ற ஒலி வடிவம் 2012 இல்தான் தரப்படுத்தப்பட்டது. ரொக்பொக்ஸ் போட்ட கிளிப் பிளஸ் ஓபஸ் கோப்பை வாசிக்கும். கடைக்கு வந்தபோது உலகத்திலேயே இல்லாத ஒன்றை அந்தக் கருவி பிறகு கற்றுக்கொண்டிருக்கிறது! நிறுவனம் ஒரு மொடலைக் கைவிட்டால் அதோடு அதன் படிப்பு நின்றுவிடும். வெளியாட்கள் கையில் எடுத்தால் நிற்காது. பார்வையற்றவர்களுக்காக மெனுவை வாய்விட்டுச் சொல்லும் வசதியும் இதில் உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. (டூம் விளையாட்டும் ஓடும். அந்தத் தபால் முத்திரை அளவுத் திரையில் யார் விளையாடுகிறார்களோ!)

எதிர்ப்பக்கத்தில் மைக்ரோசொஃப்டின் சூன் என்ற பாட்டுக் கருவி. 2006 இல் வந்தது. பாட்டு ஏற்றுவதற்கே அதற்கென்று உள்ள தனி மென்பொருள் வேண்டும். சேவைகள் 2015 நவம்பரில் மூடப்பட்டன. நல்ல கருவிதான், ஆனால் கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது.

சரி, வாங்கும் முன் பெயரை மட்டும் பார்க்காமல் மொடலையும் பதிப்பையும் பாருங்கள். சான்டிஸ்கின் இன்னொரு கருவியான சான்சா ஃபியூஸில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று இரண்டு உண்டு. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே வேறு. அமைப்புத் தகவல் பக்கத்தில் மென்பொருள் பதிப்பு எண் 01 இல் தொடங்குகிறதா, 02 இல் தொடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது மெமரி காட். என்னைக் கேட்டால், அதிகம் பேர் இடறுவது இங்கேதான். 64 ஜிபி காட் புதிதாக வாங்கினால் அது எக்ஸ்ஃபாட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் வரும். ரொக்பொக்ஸுக்கு ஃபாட்32 என்ற பழைய முறைதான் பழக்கம். காட்டைப் போட்டதும் கருவி அதைக் கண்டுகொள்ளாது. நாம் காட் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபோர்மட் கொடுத்தால், நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 என்ற தெரிவே காட்டாது. அதற்கென்று தனியாக உள்ள சின்ன மென்பொருளால் ஃபோர்மட் செய்ய வேண்டும். மெக் கணினியில் அமைத்த பழைய ஐபொட்டுக்கும் இதே கதை: முதலில் அதை ஃபாட்32 க்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் போய்விடும், அதனால் முதலில் கணினிக்குப் பிரதி எடுங்கள்.

ரொக்பொக்ஸை நிறுவும்போது கருவியின் பற்றரியைப் பாதியில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். கொழும்பில் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது. லப்டொப்பும் நிறைய சார்ஜில் இருக்கட்டும். பழைய மென்பொருளைத் துடைத்தெறியவும் தேவையில்லை. கிளிப் பிளஸ்ஸில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும். இடது பொத்தானை அழுத்திக்கொண்டு ஓன் செய்தால் பழையது எழும்பும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். தமிழ் எழுத்து இல்லாத எழுத்துருவில் பாட்டின் பெயர் வாசிக்கிற மாதிரி வராது. தமிழ் எழுத்துள்ள எழுத்துருவைப் போட்டாலும் கொம்பு இடம் மாறும். ‘தேன்’ என்பதில் த முன்னால் வந்து, ஏகாரக் கொம்பு அதற்குப் பின்னால் வந்து நிற்கும். கணினிக்குள் சேமிக்கப்படும் வரிசை அது. அதை முன்னுக்குத் தள்ளிக் காட்டும் வேலையை இந்த மென்பொருள் செய்வதில்லை. நான் கோப்புகளின் பெயர்களையும் உள்ளே இருக்கும் விவரங்களையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்புறம், இதை எழுதுகிறவர்கள் சம்பளத்துக்கு எழுதவில்லை என்பதை மறந்து, ஏன் இன்னும் என் மொடலுக்கு வரவில்லை என்று அவர்களை அதட்டுவதும் பிழைதான்.

மறுவாரம் அந்தக் கடைக்குத் திரும்பிப் போனேன். கிளிப் பிளஸ் விற்றுப்போயிருந்தது. வேறொன்று கிடைக்க நாலு மாதம் எடுத்தது. கிளிப் ஸ்போர்ட் இப்போது அம்மாவிடம். அவருக்குத் தேவாரமும் எஃப்எம் வானொலியும் போதும், உள்ளே என்ன சிப் என்று அவர் கேட்கவில்லை.