கம்யூனிட்டி காலேஜ்: ‘டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

ஃபால் செமஸ்டரின் முதல் வாரம். டியூட்டரிங் சென்டரில் என் மேசைக்கு வந்த பையன், பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்ததுமே எனக்குப் பகீரென்றது. அல்ஜீப்ராவை வைத்து நடத்தும் ஃபிசிக்ஸ் புத்தகம்.

“தம்பி, என்ன மேஜர்?”

“மெக்கானிக்கல் இன்ஜினியரிங், அக்கா.”

அதே மேஜருக்காக, அதே பாடத்தை, அதே முதல் செமஸ்டரில் நானும் எடுத்தவள். அதற்கு ஒரு முழு வருடத்தைக் கொடுத்தேன். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் காலேஜில் மூன்று வருடம் இருந்துவிட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) போய்ப் படித்து முடித்து, இப்போது வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை இங்கே வந்து ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு ஃபாலிலும் யாராவது ஒருவர் இந்தப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறார். நேரத்துக்கு வகுப்புக்குப் போ, ஹோம்வொர்க்கைத் தள்ளிப்போடாதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் எழுதுவது கலிஃபோர்னியாவில் படித்து, இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டிக்கு மாற, அதாவது டிரான்ஸ்ஃபர் ஆக நினைப்பவர்களுக்கு. கீழே ஒவ்வொரு தலைப்பும் அவர்கள் செய்யும் ஒரு தவறு.

‘டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்ற வரியை நம்பிப் பாடம் எடுப்பது

மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. எந்தக் காலேஜின் கேட்டலாக்கைத் திறந்தாலும், பல பாடங்களுக்குக் கீழே ‘யூசி, சிஎஸ்யூவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்று ஒரு வரி இருக்கும் (சிஎஸ்யூ என்பது கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி). அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: யூனிட், அதாவது பாடத்துக்கான கிரெடிட், போய்ச் சேரும். உங்கள் மேஜர் கேட்கும் பாடத்துக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பற்றி அந்த வரி வாயே திறக்காது.

ஃபிசிக்ஸில் இரண்டு வரிசை உண்டு. ஒன்று அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரியோடு நிற்கும். இரண்டு செமஸ்டரில் முடியும். உயிரியல் பக்கம் போகிற பலருக்கு அது போதும். இன்னொன்று கால்குலஸை வைத்து நடத்துவது. பெரும்பாலும் மூன்று செமஸ்டர். இன்ஜினியரிங்குக்கு வேண்டியது இதுதான். இரண்டுக்குமே கேட்டலாக்கில் ‘டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்றுதான் போட்டிருக்கும், அதில் பொய்யும் இல்லை. நான் ப்ளஸ் டூவில் கால்குலஸ் படித்துவிட்டு வந்தவள். ஆனாலும் “புது நாடு, முதல் செமஸ்டர், எளிதானதை எடு” என்று சொன்னார்கள். எடுத்தேன். இரண்டு செமஸ்டரிலும் ஏ கிரேடு. அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார்.

இரண்டாம் வருடம் செப்டம்பரில்தான் ஒரு கவுன்சிலர் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் யூனிவர்சிட்டி கேட்கும் ஃபிசிக்ஸ் பாடங்கள். வலப்பக்கம் அதற்கு ஈடான எங்கள் காலேஜ் பாடங்கள், மூன்று. நான் படித்த இரண்டும் அதில் எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழே மூன்று முறை விரல் வைத்துத் தேடினேன்.

யூனிட்டுக்கு 46 டாலர். எட்டு யூனிட்டுக்கு 368. அந்தப் பணம் போனால் போகட்டும். போன காலம்தான் இன்னும் உறுத்துகிறது. கணக்கைப் பாருங்கள். முதல் ஃபாலில் கால்குலஸ் ஒன்றை முடித்தால் அடுத்த செமஸ்டரான ஸ்ப்ரிங்கில் ஃபிசிக்ஸின் முதல் பாடமான மெக்கானிக்ஸ் தொடங்கலாம். அடுத்த ஃபால், அடுத்த ஸ்ப்ரிங் என்று மூன்று பாடமும் சரியாக இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் மூன்றாவது பாடம் மூன்றாம் வருட ஃபாலில் போய் நிற்கும். பெரும்பாலான யூசி கேம்பஸ்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை ஃபாலில் மட்டும்தான் சேர்க்கின்றன. ஆக, ஒரு செமஸ்டர் தாமதம் ஒரு வருடமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இரண்டு வரிசையையும் படித்தால் யூசி ஒன்றுக்குத்தான் கிரெடிட் கொடுக்கும். என்னுடைய இரண்டு ஏ கிரேடும் யூனிட்டாகக்கூடப் போய்ச் சேரவில்லை.

கால்குலஸிலும் இதே கண்ணி உண்டு. பிசினஸ் மாணவர்களுக்கான சுருக்கமான கால்குலஸும் டிரான்ஸ்ஃபர் ஆகும், இன்ஜினியரிங்குக்கு ஆகாது.

இதைச் சரிபார்க்க அசிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. மாநிலத்தின் அதிகாரபூர்வத் தளம், இலவசம். உங்கள் காலேஜ், போக நினைக்கும் யூனிவர்சிட்டி, கல்வியாண்டு மூன்றையும் கொடுத்த பிறகு எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று சொல்லும் மேஜர் வாரியான ஒப்பந்தத்தைத் திறங்கள். அங்கேயே டிரான்ஸ்ஃபர் ஆகும் பாடங்களின் பொதுப் பட்டியல் ஒன்றும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் எழுந்துபோனேன். ஒரே மேஜருக்கு யூசியின் டேவிஸ் கேம்பஸ் கேட்பது ஒன்று, சான் டியேகோ கேம்பஸ் கேட்பது ஒன்று என்று இருக்கலாம். அதனால் மூன்று, நான்கு கேம்பஸுக்காவது தனித்தனியாகப் பாருங்கள். பல தனியார் யூனிவர்சிட்டிகளும் வெளி மாநிலங்களும் அசிஸ்ட்டில் வராது. அவர்களிடம் நேராகக் கேட்க வேண்டும்.

அறிவுரை சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், “இதை எடு” என்றால் அந்தப் பாடம் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து நிமிட வேலை அது.

தொடர் பாடங்களை இரண்டு காலேஜில் பிரித்துப் படிப்பது

இந்தக் காலேஜில் கால்குலஸ் இரண்டுக்கு இடம் இல்லை, பக்கத்துக் காலேஜில் இருக்கிறது என்று ஓடுகிறார்கள். போவதற்கு முன் பாடத்தை யார் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டி ஆன்ஸா காலேஜ் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக நடக்கிறது. அங்கே கால்குலஸ் நான்கு பகுதி. செமஸ்டர் முறையில் இருக்கும் காலேஜ்களில் பெரும்பாலும் மூன்று. நடுவில் மாறினால் ஒரு அத்தியாயம் இரண்டு முறை வரும், இல்லையென்றால் வராமலே போகும். ஒப்பந்தத்திலும் சில வரிசைகளை ஒரே காலேஜில் முழுதாக முடித்தால்தான் ஏற்பார்கள். 2025 ஃபாலிலிருந்து இங்கிலீஷ், ஸ்டாடிஸ்டிக்ஸ் போன்ற சில பாடங்களுக்கு எல்லாக் காலேஜிலும் ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதை வைத்து எல்லாப் பாடமும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள்.

டிராப் செய்யாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்துவது

நீங்கள் போகாவிட்டால் புரொஃபசர் பெயரை எடுத்துவிடுவார் என்று இருக்காதீர்கள். சிலர் எடுப்பார்கள், சிலர் எடுக்க மாட்டார்கள். கடைசியில் எஃப் வந்து நிற்கும். முதல் கெடு தேதிக்குள் டிராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்ட்டில் சுவடே இருக்காது. அதைத் தாண்டினால், பாடத்தை விட்டதற்கான குறியான டபிள்யூ விழும். டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் நிதி உதவிக்கு, எடுத்த யூனிட்டில் பொதுவாக 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் டபிள்யூ உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையை வாங்கிவிட்டு, செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டும் முன்பே எல்லா வகுப்பையும் விட்டால், ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். என்னோடு படித்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கடிதம் வந்தபோது, அவள் அந்தப் பணத்தை ஏற்கெனவே வாடகைக்குக் கொடுத்திருந்தாள்.

நவம்பரில் கவுன்சிலரைத் தேடுவது

அந்த மாதம் யூசி விண்ணப்பம் எழுதுகிற அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். முதல் செமஸ்டரின் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே போய், எந்தச் செமஸ்டரில் எந்தப் பாடம் என்ற எஜுகேஷன் பிளான் போட்டுவிடுங்கள்.

டாக் தேதியைக் கோட்டைவிடுவது

டாக் என்ற திட்டத்தில் ஆறு யூசி கேம்பஸ்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அதில் இல்லை. விண்ணப்பம் செப்டம்பர் முழுவதும். அக்டோபர் 1 அன்று போய்க் கெஞ்சினாலும் நடக்காது.

வெயிட்லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது

முதல் நாளே வகுப்பில் போய் உட்காருங்கள்.

அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். ஹைஸ்கூலிலேயே ஏபி என்ற காலேஜ் நிலைத் தேர்வில் கால்குலஸ் எழுதி 5-க்கு 4 வாங்கியிருந்தான். அந்த மதிப்பெண்ணைக் காட்டி முன்தேவையை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கால்குலஸ் ஃபிசிக்ஸ் வெயிட்லிஸ்ட்டில் ஆறாவது இடம்தான் கிடைத்தது. மறுநாள் காலை போய்ப் பின்வரிசைச் சுவரோரம் நின்றுகொண்டே முழு லெக்சரையும் கேட்டிருக்கிறான். அப்புறம் வியாழக்கிழமை மாலை என் மேசைக்கு வந்தான். வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோடு வாங்கிவிட்டானாம். பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. புதுப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தின் பதினான்காவது கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தான்.