ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல: வீட்டு முகப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பிளானை விரித்ததும் கேட்பது, "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா?" என்றுதான். ஆசையில் தப்பில்லை. இடமும் வலமும் ஒத்திருக்கும் சமச்சீர் கண்ணுக்கு நிறைவானது. ஆனால் அதற்காக உள்ளே குடியிருப்பவர்கள் காலம் பூரா சிரமப்படுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு, ரோட்டில் நின்றுகொண்டு ஜன்னலுக்கு இடம் குறிப்பது. நான் பார்த்த ஒரு வீட்டில் வலப்புறம் படுக்கையறை, இடப்புறம் மாடிப்படி. முகப்பு ஒத்துப்போக வேண்டும் என்று படிக்கட்டுப் பக்கமும் அதே நாலடி ஜன்னலை வைத்துவிட்டார்கள். உள்ளே போனால் படியின் சரிவு ஜன்னலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. பாதிக் கதவு திறக்காது. கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் கை நுழையாததால் ஒட்டடை அடிக்கவும் வழியில்லை. அந்த வீட்டு அக்கா அங்கே நிரந்தரமாக ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறார்.

மழையை மறப்பது அடுத்தது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. சாயங்கால வெயிலும் ஆடிச் சாரலும் அடிப்பது மேற்குச் சுவரில். கிழக்கே போட்ட ஒன்றரை அடி சன்ஷேடையே மேற்கிலும் போட்டால் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப்போகும். மேற்கில் இன்னும் ஓரடி நீட்டுங்கள், அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

கிட்டத்தட்ட ஒத்துப்போகிற முகப்பும் வேண்டாம். ஒரு தூண் மூன்று அங்குலம் தள்ளி நின்றால் கொத்தனார் கை தவறியதுபோலத்தான் தெரியும். ஒன்று, சரியாக ஒத்துப்போகட்டும். இல்லையென்றால் துணிந்து வேறாகவே இருக்கட்டும். குமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலையைப் பாருங்கள். 38 அடிப் பீடம் நேராக நிற்கிறது; அதன் மேல் 95 அடிச் சிலை இடுப்பில் ஒசிந்து நிற்கிறது. நெளிவு தெளிவாகத் தெரிவதால் அதை யாரும் கோணல் என்று சொல்வதில்லை.

சமச்சீர் என்றால் நகல் எடுப்பது என்று நினைப்பதும் தவறு. பத்மநாபபுரம் கொட்டாரத்தின், அதாவது அரண்மனையின், பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். மர மச்சில் வரிசை பிசகாத 90 பூக்கள், ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. கட்டம்தான் ஒழுங்கு, அதற்குள் தச்சரின் கை விளையாடியிருக்கிறது. தாஜ்மகாலின் மேற்கே மசூதி இருப்பதால், ஈடுகட்டக் கிழக்கே அதே தோற்றத்தில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அரசரிடம் அவ்வளவு இடம் இருந்தது. நாலு சென்ட் மனையில் அப்படி ஈடுகட்டப் போனால் சமையலறைதான் சுருங்கும்.

அப்புறம் ஒரு விஷயம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நூல் கட்டும் அன்று கேட் வரப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். கார் ஷெட் இடது பாதியை மறைக்கும் என்றால் முகப்பு மொத்தத்துக்கும் சமச்சீர் தேடவேண்டாம். வாசல் கதவுக்கு இருபுறமும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்றால் நூலை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிடலாம்.