கானாவைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளி ப்ராஜெக்ட்டோ, வினாடி வினாவோ, மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா என்றதும் பலர் பழைய கானாப் பேரரசில் இருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கலே அங்கேதான். அந்தப் பேரரசு இருந்தது இன்றைய மாலி, மொரிட்டானியா பக்கம். 'கோல்ட் கோஸ்ட்' என்ற பிரிட்டிஷ் காலனி, 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றபோது அந்தப் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டது.

கொடியில் மேலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை. மஞ்சளின் நடுவே கறுப்பு நட்சத்திரம். அதை மறந்தால் நீங்கள் வரைந்தது பொலிவியா கொடி!

எனக்கு அதிகம் உறுத்துவது கானாவின் ஓர் இனத்தவரான அசாந்தே மக்களின் தங்க இருக்கையை 'சிம்மாசனம்' என்று எழுதுவது. அதில் யாரும் உட்காருவதில்லை, மன்னர் உட்பட. அந்த மக்களின் ஆன்மா அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. விழாவில் அதற்கே தனி ஆசனம் போடுவார்கள். இது புரியாமல் 1900-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தேகளின் தலைநகரான குமாசிக்குப் போய், தான் உட்கார அதைக் கொண்டுவரவில்லையே என்று கேட்டார். போர் மூண்டது. முன்னின்று நடத்தியவர் எஜிசுவின் ராஜமாதா யா அசாந்தேவா. போரில் பிரிட்டிஷார் வென்றார்கள்; இருக்கை மட்டும் அவர்கள் கைக்குச் சிக்கவே இல்லை.

அப்புறம் கென்டே என்ற கைத்தறித் துணி. அந்த டிசைனை அச்சடித்த துணியெல்லாம் கென்டே ஆகிவிடாது. குமாசி அருகே பொன்விரே ஊரில், நெசவாளர் கால்விரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து நெய்கிறார். பாவு எதிரே நீளமாக ஓட, அதன் முனையில் கல் பாரம். வருவது சாண் அகலம்கூட இல்லாத நாடா. அவற்றைப் பக்கம் பக்கமாகத் தைத்தால்தான் முழுத் துணி. இதை அசாந்தேகளுக்கு மட்டும் எழுதிவைப்பதும் தவறு, ஏவே மக்களுக்கும் சொந்த கென்டே உண்டு.

பொருளாதாரத்தில் கோகோவோடு நிறுத்திவிடாதீர்கள். கோகோ விளைச்சலில் முதலிடம் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டுக்கு. கானாவுக்கு ஏற்றுமதியில் அதிகம் சம்பாதித்துத் தருவது தங்கம். 2010 முதல் கடலடி எண்ணெயும் சேர்ந்துகொண்டது.

நாணயத்தின் பெயர் 'செடி' (cedi). அங்கே பேசும் அக்கான் மொழியில் சோழி என்று பொருள். ஒரு காலத்தில் சோழிதான் அங்கே காசு. பழைய கட்டுரைகளில் இருந்து விலையை அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2007-இல் நான்கு சைபரை வெட்டி, 10,000 பழைய செடியை ஒரு புதிய செடி ஆக்கிவிட்டார்கள்.