தீராத அசதியா? ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்

மாதக்கணக்கில் அசதி, அடிக்கடி காய்ச்சல் என்றால், எப்போதெல்லாம் படுத்தீர்கள், எடை எவ்வளவு குறைந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோங்கள். தருமபுரி அரசு மருத்துவமனை ஓ.பி. கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். ஹீமோகுளோபின் 13, 12, 11 என்று இறங்கிவருவது ஒற்றை ரிப்போர்ட்டில் தெரியாது, அடுக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். எடுத்த டெஸ்டையே மறுபடி எடுக்கும் செலவும் பெரும்பாலும் மிச்சம்.

அப்புறம், குடிப்பது போர் தண்ணீரா, ஒகேனக்கல் குடிநீரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். மூட்டுவலிக்கும் அசதிக்கும் அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் தாளும் வேண்டாம், ஓ.பி.யும் வேண்டாம். உடனே 108.