புதிய குழுவின் முதல் ஆல்பத்தைப் பிறரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

மனத்தைக் கனக்கச் செய்யும் இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் இசை) ஆல்பம் ஒன்று பிடித்துவிட்டால், உடனே அதன் இணைப்பைத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பிக் ‘கட்டாயம் கேளுங்கள்’ என்று எழுதத் தோன்றும். அப்படி அனுப்பப்படும் ஆல்பங்களைப் பலர் முதல் பாடலின் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இவ்வகை இசை மெதுவாகத்தான் பிடிகொடுக்கும் என்பதால், எந்த இடம் நம்மைப் பிடித்து இழுத்தது என்பதை முதலில் நாமே தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, குழு அமைத்த வரிசையிலேயே கேளுங்கள். செயலியில் பாடல்களின் வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளையும், ஒரு பாடலின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். வரிசையாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்தின் ஒலியளவையும் ஒன்றாகவே சரிசெய்கிறது. கலைத்துக் கேட்டால் ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாகச் சமப்படுத்துகிறது. தாழ்ந்த குரலில் தொடங்கும் பாடலுக்கும் இரைச்சலாக முடியும் பாடலுக்கும் இடையில் குழு வேண்டுமென்றே வைத்த ஏற்றத்தாழ்வு அதில் குறைந்துவிடும்.

அடுத்து, பாடகரின் குரலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு பாஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். இந்த இசைமரபின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1979இல் வெளிவந்த, ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ இதற்கு நல்ல பாடம். அதில் பீட்டர் ஹூக்கின் பாஸ், தாளத்துக்குத் துணைநிற்பதோடு நில்லாமல், மேல்சுரங்களில் ஏறி மெட்டையே சுமக்கிறது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸ் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, எதிரொலியும் வெற்றிடமும் சூழ அமைத்தார். மேடையில் முரட்டு வேகத்தோடு வாசித்துப் பழகிய ஹூக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் அந்த ஒலி தொடக்கத்தில் பிடிக்கவில்லை என்பதை அவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். உருவாக்கியவர்களுக்கே ஏற்றுக்கொள்ளக் காலம் தேவைப்பட்டிருக்கும்போது, நண்பர் முதல்முறை கேட்டு உதட்டைப் பிதுக்கினால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி, நண்பருக்கு என்ன எழுதுவது? ‘அற்புதம்’, ‘உருக்கம்’ போன்ற சொற்கள் எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும் என்பதால் அவை கேட்பவரை அசைப்பதில்லை. ‘மூன்றாம் பாடலின் நடுவில் டிரம்ஸ் சட்டென்று நின்று, பாஸ் மட்டும் தனியே நடக்கும் இடத்தைக் கவனியுங்கள்’ என்று எழுதினால், அந்த இடம் வரும்வரையாவது அவர் காத்திருப்பார். பழைய குழுக்களோடு ஒப்பிடுவதிலும் நிதானம் வேண்டும். 2002இல் நியூயார்க்கின் இன்டர்போல் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, அதைப் பற்றி எழுதிய பலரும் ஜாய் டிவிஷனையே திரும்பத் திரும்பச் சுட்டினார்கள். குரலின் சாயலுக்கு அந்த ஒப்பீடு ஓரளவு பொருந்தினாலும், இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னும் அழகை அது சொல்லவே இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், எதில் ஒத்திருக்கிறது, எதில் விலகுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். வரிகளில் உள்ள துயரத்தைப் பாடகரின் சொந்த வாழ்க்கை வரலாறாக வாசிப்பதையும் தவிர்த்துவிடலாம்.

முழு ஆல்பத்தையும் அனுப்பாமல் ஒரே ஒரு பாடலை அனுப்புங்கள். அது அதிகம் பேரறிந்த பாடலாக இருக்கத் தேவையில்லை. வரிகளை விரும்புபவருக்குச் சொற்கள் தெளிவாகக் கேட்கும் பாடலும், இசைக்கருவி வாசிப்பவருக்கு நீண்ட முன்னிசையோடு தொடங்கும் பாடலும் பொருந்தும். 2010இல் பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு பெற்ற தி எக்ஸ்எக்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைப் போல மௌனத்தையே பெரிதும் நம்பியிருக்கும் இசை என்றால், ஹெட்போனில் கேட்கும்படி மறவாமல் சொல்லுங்கள். தெரு இரைச்சலில் அதன் பாதி காதில் விழாது.

உற்சாகம் குழுவின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூட ஒலிக்காத பாடலுக்கு ஸ்பாட்டிஃபையில் உரிமைத்தொகை கணக்கிடப்படுவதில்லை. புதிய குழுக்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. எனவே வசதியுள்ளவர்கள் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்குவதே சிறந்த ஆதரவு. இசைக்கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதத்தையும், இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி இசைக்கலைஞருக்கோ அவருடைய வெளியீட்டு நிறுவனத்துக்கோ செல்கிறது. பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கப்படும் நாள்களில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. வாங்குவதை அந்த நாளுக்கு ஒத்திவைத்து, நண்பர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.