போன் கவருக்குள் ஏடிஎம் கார்டு வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி தன் முதல் போனுக்குக் கவர் வாங்க வந்தார். பின்பக்கம் கார்டு சொருகும் கவர்தான் வேண்டும் என்றார். "அதை நான் விற்கிறதில்லைம்மா" என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

திருச்சியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. புதிதாக போன் வாங்குகிறவர்கள் நான் செய்த தப்பையே செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கவருக்குள் கார்டு

2019இல் டவுன் பஸ்ஸில் என் போன் தொலைந்தது. கைரேகைப் பூட்டு இருக்கிறதே, திறக்க முடியாது என்று தைரியமாக இருந்தேன். மனைவியின் போனிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, அப்புறம் சுவிட்ச் ஆஃப். சரி, காலையில் மாற்று சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் 38,000 ரூபாய் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்தது.

எடுத்தவன் போனைத் திறக்கவே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டிருக்கிறான். யுபிஐ செயலி அந்த எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, அதோடு இணைந்த வங்கிக் கணக்கைக் கண்டுபிடித்துவிடும். புது யுபிஐ பின் வைக்கக் கேட்பது டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்கள், காலாவதி தேதி, ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். என் வங்கி கேட்கவில்லை. கார்டு என் கவருக்குள்ளேயே இருந்தது. ஓடிபி அந்த சிம்முக்கே வந்தது.

கார்டை வைத்ததைவிட அந்த ஓர் இரவுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. நான் தூங்கிய நேரத்தில் போனது முழுக்க என் தலையில்தான்.

போன் போனதும் அதற்கே அழைத்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் சிம் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள். அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. அப்புறம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐயை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்ணை, முடக்குங்கள். அந்த எண் இப்போதே *#06# அழுத்தினால் வரும். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சிம்முக்குப் பூட்டில்லாமல் விடுவது

செட்டிங்ஸில் சிம் லாக் இருக்கிறது. போட்டுவிட்டால் வேறு போனில் சிம்மைப் போட்டதும் பின் எண்ணைக் கேட்கும். முதலில் இருக்கும் பின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊகித்து அடிக்காதீர்கள்: மூன்று முறை தவறினால் பியுகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும்.

வீங்கிய பேட்டரி

அன்றே மாற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

நனைந்த போனை அரிசியில் புதைப்பது

வேண்டாம். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள்.

சர்வீஸுக்கு சிம்மோடு கொடுப்பது

கழற்றிக்கொண்டு கொடுங்கள். என் கடையாக இருந்தாலும் சரி.