வயல்வழி ஓட்டமா? ஷூவை முதலில் பாருங்கள்

திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? பாதையில் வாய்க்கால் கரையோ வரப்போ உண்டா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டல் மண் ஈரமானால் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு, காலைத் தூக்கவே விடாது. தார்ச்சாலைக்கான வழுவழு அடிப்பாகம் இங்கே உதவாது. ஆழமான பள்ளங்கள் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் சரி. அப்பிய மண்ணைக் கரையோரப் புல்லில் தேய்த்துவிட்டு ஓடுங்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

மார்கழி, தை மாதக் காலைகளில் பனியில் வரப்பு வழுக்கும். எட்டு சின்னதாக இருக்கட்டும். வரப்பில் முந்தப் பார்க்காதீர்கள், பரிசு என்ன பெரிய பரிசு!

சம்பா அறுவடை நேரமென்றால் சாலையிலேயே நெல் காயும். மிதிக்காமல் சுற்றிப் போங்கள். தாரில் கிடக்கும் வைக்கோலும் வழுக்கும்.

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு நுழைவதைப் பலர் விரும்ப மாட்டார்கள். படம் எடுக்க ஆசையென்றால் வெளியே நின்றே எடுங்கள். அப்புறம், பம்புசெட்டில் கால் கழுவும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.